நாலு பாட்டில்களும் ஒரு மதமதப்பும்

கேள்வி: எனக்கு 66 வயது. 11 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம், காலையும் இரவும். கொழுப்புக்கு ஸ்டேடின். ஆறு வருடத்துக்கு முன் இதயத்தில் உலோக வால்வு பொருத்தினார்கள், அன்றிலிருந்து ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின். தினமும் 40 நிமிடம் வேகமாக நடக்கிறேன். நான்கு மாதமாக, தூரத்தில் இருக்கும் என் மகள் வாங்கி அனுப்பும் சத்து மாத்திரைகளையும் சாப்பிடுகிறேன்: என்எம்என், ரெஸ்வெரட்ரால், மிளகுச் சாறு சேர்த்த குர்குமின் (மஞ்சளின் சாரம்), கோஎன்சைம் க்யூ10. இவை செல்லுக்குள் போய் வளர்சிதை மாற்றத்தையே சீர்செய்து, வயதோடு வரும் நோய்களைத் திருப்பிவிடும் என்று படித்தேன். உண்மையா? உண்மையென்றால் மெட்ஃபார்மினைக் குறைத்துக்கொள்ளலாமா? ஒரு வருடமாகப் பாதத்தில் மதமதப்பு, இரவில் எரிச்சல். சர்க்கரை இருந்தால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். மகள் ஆசையாக அனுப்புகிறாள், வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

பதில்: அன்புள்ள ஐயா,

செல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. முடிந்தால் நாளைக்கே போய், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போகும்போது நாலு பாட்டில்களையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், வார்ஃபரின் அளவைப் பார்த்துத் தரும் மருத்துவரின் மேசைமேல் வையுங்கள். பெயரை மட்டும் சொன்னால் போதாது. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை அவர் படிக்க வேண்டும்.

காரணம் இதுதான். கோஎன்சைம் க்யூ10 வேதி அமைப்பில், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் சாயல் கொண்டது. அதைச் சாப்பிட்ட சிலருக்கு வார்ஃபரினின் பிடி தளர்ந்து ஐஎன்ஆர் இறங்கியதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. குர்குமின் எதிர்ப்பக்கம் இழுக்கும். ரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கும். அதோடு சேர்த்திருக்கும் மிளகுச் சாறு, மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளை மந்தமாக்கும். ரெஸ்வெரட்ராலும் இந்தப் பக்கம்தான். ஒன்று இறக்க, மற்றவை ஏற்ற, உங்கள் ஐஎன்ஆர் இப்போது எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. உலோக வால்வு உள்ளவருக்கு அந்த எண் இறங்கினால் வால்வில் ரத்தக்கட்டி உருவாகலாம், ஏறினால் ரத்தக்கசிவு. இரண்டுமே விளையாட்டில்லை.

அதற்காக இதைப் படித்த கையோடு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடவும் வேண்டாம். நாலு மாதமாக உடம்பு ஒரு கணக்குக்குப் பழகியிருக்கும். நிறுத்தும்போதும் ஐஎன்ஆர் நகரும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், ஒரு வாரத்தில் மறுபடியும் பாருங்கள். மெட்ஃபார்மினைக் குறைக்கவே வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. இந்த மாத்திரைகள் செல்லுக்குள் ஏதாவது செய்கின்றனவா? செய்கின்றன. அதில் பொய் இல்லை. நீங்கள் படித்ததில் பாதி, ஆய்வகத்தில் நன்றாகவே பார்க்கப்பட்ட விஷயம். சிக்கல் மீதிப் பாதியில். செல்லில் ஒரு மாற்றம் நடக்கிறது என்பதும், அந்த மாற்றத்தால் ஒரு மனிதரின் நோய் குறைகிறது என்பதும் ஒன்றல்ல. நடுவில் குடல் இருக்கிறது, கல்லீரல் இருக்கிறது, அளவு இருக்கிறது, மற்ற மாத்திரைகள் இருக்கின்றன.

என்எம்என்னை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டில் இருந்து வரும் சர்க்கரையையும் கொழுப்பையும் செல் உடைக்கும்போது எலக்ட்ரான்கள் வெளிவரும். அவற்றை வாங்கி, செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சுமைதூக்கிதான் என்ஏடி என்ற மூலக்கூறு. சேர்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து அடுத்த சுமையை வாங்கிக்கொள்ளும். இந்தப் போக்குவரத்து நின்றால் ஆற்றல் உற்பத்தியும் நிற்கும். இது தவிர, என்ஏடியை உடைத்துச் செலவழிக்கும் நொதிகளும் இருக்கின்றன. பழுதான டிஎன்ஏவைச் சரிசெய்யும் பார்ப் நொதிகள், செல்லின் பராமரிப்பைக் கவனிக்கும் சர்ட்டுவின்கள், அப்புறம் சிடி38 என்ற ஒன்று. வயதாக ஆக உடம்பில் கனன்றுகொண்டே இருக்கும் லேசான அழற்சியால் இந்த சிடி38 பெருகுகிறது, என்ஏடியைத் தின்றுதீர்க்கிறது. பல திசுக்களில் வயதோடு என்ஏடி குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என்எம்என் என்பது என்ஏடிக்கு மூலப்பொருள். அதைக் கொடுத்தால் என்ஏடி ஏறுமா? ரத்தத்தில் ஏறுகிறது, அது மனிதர்களில் காட்டப்பட்டிருக்கிறது. ஏறினால் சர்க்கரை குறையுமா? 2021-இல் வெளியான ஒரு கவனமான சோதனை இதைப் பார்த்தது. மாதவிடாய் நின்ற, உடல் எடை கூடிய, சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 25 பெண்கள். 10 வாரம், தினம் 250 மில்லிகிராம். மாத்திரை எடுத்தவர்களின் தசை இன்சுலினுக்கு முன்பைவிட நன்றாகப் பதில் சொன்னது. நல்ல செய்திதான். ஆனால் ரத்தச் சர்க்கரை, உடல் எடை, ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு எதுவும் அசையவில்லை. தசைச் செல்லில் ஏதோ நடந்திருக்கிறது, அந்தப் பெண்களின் வாழ்க்கையில் அது இன்னும் ஒரு பலனாக மாறவில்லை. என் கணிப்பு, இந்தப் பாதையில் நாளைக்கு ஒரு உருப்படியான மருந்து வரக்கூடும். இன்றைக்கு 11 வருடச் சர்க்கரை நோயாளிக்கு மெட்ஃபார்மின் இருக்கும் இடத்தில் வைக்க அது தயாராக இல்லை. அழற்சி அப்படியே இருக்கும்போது மூலப்பொருளை மட்டும் கொட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். தசை தானே என்ஏடியைத் தயாரிக்க உதவும் நொதி உடற்பயிற்சியால் கூடுகிறது. நீங்கள் நடக்கும் அந்த 40 நிமிடம் அந்த வேலையையும் செய்துகொண்டிருக்கிறது.

அந்த நடைக்காகத்தான் ரெஸ்வெரட்ரால் பற்றி எனக்குக் கவலை. சர்ட்டுவின்களைத் தட்டி எழுப்பும் என்று 2003-இல் ஈஸ்ட்டில் பார்த்தார்கள், 2006-இல் கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகள் அதனால் நலமாக, கூடுதல் நாள் வாழ்ந்தன. உலகமே எழுந்து உட்கார்ந்தது. மனிதருக்குக் கொடுத்தால், குடலும் கல்லீரலும் அதைப் பிடித்து உருமாற்றிவிடுகின்றன. மாறாத வடிவில் ரத்தத்தில் மிஞ்சுவது மிகச் சொற்பம். அதுகூடப் பரவாயில்லை. 2013-இல் உங்கள் வயதை ஒட்டிய, 65 வயது வாக்கிலான ஆண்களுக்கு 8 வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பாதிப்பேருக்குத் தினம் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. எல்லோருக்கும் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடியது. ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகமாகக் கூடியது. பயிற்சியின் பலனை மாத்திரை கொஞ்சம் தின்றுவிட்டது.

இது எப்படி? 1956-இல் டென்ஹாம் ஹார்மன் என்பவர், ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் தனி உறுப்புகள் (ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும், எதனோடும் சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுகள்) செல்லைச் சிறுகச் சிறுகச் சேதப்படுத்துவதுதான் முதுமை என்று ஒரு கருத்தை வைத்தார். அதிலிருந்துதான், அவற்றை அடக்கும் பொருள் என்ற அர்த்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் என்ற சொல் பாட்டில்களின் முகப்புக்கு வந்தது, ரெஸ்வெரட்ராலும் அந்த வகைதான். தீயது என்றால் துடைத்தெறிவோம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் தசை உழைக்கும்போது உண்டாகும் அந்தத் தனி உறுப்புகள் செல்லுக்கு ஒரு தாக்கீது போல. "சுமை வருகிறது, மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கு, தற்காப்பு நொதிகளைத் தயாரி" என்பது அதன் சாரம். தாக்கீதையே துடைத்துவிட்டால் வேலை எப்படி நடக்கும்? 2009-இல் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் இ 400 அலகும் கொடுத்துப் பயிற்சி செய்ய வைத்த இளைஞர்களிடம், பயிற்சியால் வர வேண்டிய இன்சுலின் உணர்திறன் முன்னேற்றம் வரவில்லை. மாத்திரை எடுக்காதவர்களுக்கு வந்தது. இதைவிடக் கடுமையான பாடம் 1994-இல் பின்லாந்தில் கிடைத்தது. புகைபிடிக்கும் 29,133 ஆண்களில் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. குறையும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். நான் படித்த காலத்தில் இந்த முடிவு எங்கள் பலரையும் உலுக்கியது. அதன்பிறகு "இயற்கையானது, தீங்கு செய்யாது" என்ற வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

குர்குமினைப் பற்றி நீட்ட வேண்டாம் என்று நினைக்கிறேன். சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை, அது தாராளமாக இருக்கட்டும். மாத்திரையில் இருக்கும் செறிவான குர்குமின் சோதனைக் குழாயில் எதைத் தொட்டாலும் ஒரு விளைவு காட்டும். உடம்பில் அது ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை. அதனால்தான் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். உறிஞ்சுதல் கூடுகிறது, கூடவே மற்ற மருந்துகளின் கணக்கும் கெடுகிறது. உறிஞ்சுதல் கூட்டப்பட்ட மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ, காரணமில்லாமல் அசதியும் குமட்டலும் வந்தாலோ உடனே கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இந்தப் பாட்டில் வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

க்யூ10-க்கு மட்டும் நான் கொஞ்சம் மரியாதை தருவேன். மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் எலக்ட்ரான்களை ஒரு புரதக் கூட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றுவது இதுதான். உடம்பே இதைத் தயாரிக்கிறது, கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் அதே பாதையில். அந்தப் பாதையை ஸ்டேடின் அடைப்பதால் ரத்தத்தில் க்யூ10 அளவும் இறங்கும். உங்கள் மகள் இதைப் படித்துவிட்டுத்தான் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். இதயச் செயலிழப்பு உள்ள 420 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஒரு சோதனையில், தினம் 300 மில்லிகிராம் க்யூ10 எடுத்தவர்களில் இரண்டு வருடத்தில் பெரிய இதயப் பிரச்சினைகள் 15 சதவீதம் பேருக்கு வந்தன, எடுக்காதவர்களில் 26 சதவீதம் பேருக்கு. சின்னச் சோதனைதான், ஆனாலும் ஒதுக்கித்தள்ளக்கூடியது அல்ல. ஸ்டேடினால் வரும் தசைவலிக்கு இது உதவுமா என்பதில் முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. உங்களுக்குத் தசைவலி இல்லை, இதயச் செயலிழப்பும் இல்லை. இருப்பது வார்ஃபரின். பலன் தெளிவில்லாத இடத்தில், ஆபத்து மட்டும் தெளிவாக இருக்கிறது.

இப்போது மெட்ஃபார்மினுக்கு வருகிறேன். செல்லின் வளர்சிதை மாற்றத்தைத் தொடும் மாத்திரை வேண்டும் என்று தேடுகிறீர்கள், அதைத்தான் 11 வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதன் மூதாதை ஒரு செடி. கலேகா அஃபிசினாலிஸ் என்ற அந்த மூலிகையில் இருந்த ஒரு வேதிப்பொருளின் வழியில் வந்தது, 1922-இல் ஆய்வகத்தில் முதலில் தயாரானது, 1957-இல் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் மனிதர்களுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார். மைட்டோகாண்ட்ரியாவின் முதல் புரதக் கூட்டத்தை லேசாக அழுத்தி, "எரிபொருள் குறைவு" என்று செல்லை உணரவைக்கும். ஏஎம்பிகே என்ற உணரி விழித்துக்கொள்ளும், கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுவது குறையும். என்எம்என்னும் ரெஸ்வெரட்ராலும் எந்த ஊருக்குப் போகப் பார்க்கின்றனவோ, அதே ஊருக்கு இது போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. 1998-இல் பிரிட்டனில் முடிந்த நீண்ட ஆய்வில், உடல் எடை கூடிய சர்க்கரை நோயாளிகளில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம், உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பியவர்களைவிட இறப்பு 36 சதவீதம் குறைவாக இருந்தது. இதை விட்டுவிட்டு அதைப் பிடிக்கலாமா என்று நீங்கள் கேட்பதால் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆனால் மெட்ஃபார்மினுக்கும் ஒரு குணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான்: பாதத்தில் மதமதப்பு.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதை மெட்ஃபார்மின் குறைக்கும். நான்கு வருடத்துக்கு மேல் நடந்த ஒரு சோதனையில் பி12 அளவு 19 சதவீதம் இறங்கியது. நீங்கள் சாப்பிடுவது 11 வருடம், நாளுக்கு 2000 மில்லிகிராம். வயதாகும்போது இரைப்பை அமிலமும் குறைவதால், சாப்பாட்டிலிருந்து பி12 பிரிவதும் குறையும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் எடுக்கிறவர் என்றால் இன்னும் மோசம். அசைவம் சாப்பிடாதவர் என்றால் அதிலும்.

செல்லுக்குள் பி12-க்கு இரண்டே இரண்டு வேலைகள். ஒன்று, டிஎன்ஏ தயாரிப்போடு பிணைந்த வேலை. அது தடைப்பட்டால் ரத்தசோகை. இன்னொன்று மைட்டோகாண்ட்ரியாவுக்குள், சில கொழுப்பு அமிலங்களையும் அமினோ அமிலங்களையும் உடைக்கும் பாதையில் ஒரு படி. அது நின்றால் மெத்தில்மலோனிக் அமிலம் தேங்கும். இரண்டும் பழுதாகும்போது நரம்பின் மேல் இருக்கும் உறை சிதைகிறது. மதமதப்பு, எரிச்சல், நடையில் தடுமாற்றம். பார்ப்பதற்குச் சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பைப் போலவே இருக்கும். சர்க்கரை நோயாளியிடம் எல்லோரும் சர்க்கரையின் மேலேயே பழியைப் போட்டுவிடுவோம், நோயாளியும் சரி, நாங்களும் சரி.

என்னிடம் ஒரு முறை ஒரு பெண்மணி வந்தார். கைப்பையில் ஒன்பது பாட்டில்கள். நரம்பு அதிர்வை உணர்கிறதா என்று பார்க்க, கால் கட்டைவிரலின் எலும்பில் அதிர்வுக் கவையைத் தட்டி வைத்தேன். "நின்றதும் சொல்லுங்கள்" என்றேன். "வைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். கவை என் விரலில் நன்றாகவே அதிர்ந்துகொண்டிருந்தது. ஒன்பது பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். ஒன்றில்கூட பி12 இல்லை. ரத்தத்தில் அளவு மிகக் குறைவாக இருந்தது. ஊசி ஆரம்பித்துச் சில மாதத்தில் எரிச்சல் போனது. மதமதப்பு முழுவதும் போகவில்லை. நரம்பு நெடுநாள் பட்டினி கிடந்தால் அப்படித்தான். அவர் ஒரு வருடம் முன்னால் வந்திருக்கலாமே என்று இன்றும் நினைப்பேன்.

ஆகவே ஐஎன்ஆர் எடுக்கும் அதே ரத்தத்தில் பி12-ம், முழு ரத்த எண்ணிக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பி12 எல்லைக்கோட்டில் வந்தால் மெத்தில்மலோனிக் அமிலத்தையும் பார்க்கலாம், அது செல்லின் உள்நிலையைக் காட்டிக்கொடுக்கும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ரத்தசோகை வராமலே நரம்பு மட்டும் பாதிக்கப்படுவது உண்டு. ஃபோலிக் அமிலம் அதிகமாக எடுத்தால் ரத்தம் தேறிவிடும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பி12 குறைவு என்று தெரிந்தால் ஊசியா, தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஊசி என்றால் ஒன்றை நினைவுபடுத்துங்கள்: வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குத் தசையில் ஊசி போட்டால் ரத்தம் கட்டலாம், ஐஎன்ஆர் தெரிந்த பிறகே போட வேண்டும். மெட்ஃபார்மினை நிறுத்தத் தேவையில்லை, இழப்பை ஈடுகட்டினால் போதும். பி12 சரியாக இருந்தால் அது சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், அதற்குத் தனி மருத்துவம் இருக்கிறது. ஆல்ஃபா லிபோயிக் அமிலம் தினம் 600 மில்லிகிராம் எடுத்து எரிச்சல் குறைந்தவர்கள் சோதனைகளில் இருக்கிறார்கள். ஆனால் பி12 பார்க்காமல் அதைத் தொடங்கிவிடாதீர்கள். இப்போதைக்கு வெறுங்காலோடு நடக்காதீர்கள், தினமும் இரவு பாதத்தின் அடிப்புறத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

"அப்போது சத்து மாத்திரை எதுவுமே உருப்படி இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. வயதோடு விழித்திரையின் மையம் தேயும் நோயில், நடுக்கட்டத்தை எட்டியவர்களுக்கு வைட்டமின் சி, இ, துத்தநாகம், செம்பு, லூட்டீன், ஸியாக்ஸாந்தின் சேர்ந்த குறிப்பிட்ட ஒரு கலவை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகிறது. 2001-லும் 2013-லும் முடிந்த பெரிய சோதனைகளில் இந்தக் கலவை உருவானது. முதல் கலவையில் இருந்த பீட்டா கரோட்டினை, பின்லாந்தில் நடந்ததை மனதில் வைத்து, பின்னால் எடுத்தார்கள். கவனியுங்கள், குறிப்பிட்ட நோய், குறிப்பிட்ட கட்டம், குறிப்பிட்ட அளவு. சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்புக்கு இது பொருந்தாது.

மகள் விஷயம். அவர் செய்தது தப்பில்லை. அப்பாவின் நோய்க்கு வேர் எங்கே என்று தேடி, செல்வரைக்கும் போயிருக்கிறார். மறைக்காதீர்கள், சாப்பிடுகிறேன் என்று பொய்யும் சொல்லாதீர்கள். உங்கள் மருந்துப் பட்டியலை அவருக்கு அனுப்புங்கள், வார்ஃபரினைக் கோடிட்டு. அவர் கவலையை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம்: மாதாமாதம் ஐஎன்ஆர் எடுத்தீர்களா என்று கேட்பது, கண்ணும் சிறுநீரகமும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தாயிற்றா என்று கேட்பது. எதையாவது வாங்கி அனுப்பியே ஆக வேண்டும் என்றால், விரல் இடிக்காத, உள்ளே தையல் உறுத்தாத நல்ல நடைக்காலணி ஒரு ஜோடி அனுப்பச் சொல்லுங்கள்.

ஐஎன்ஆர், பி12 இரண்டு எண்களும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்தப் பாட்டிலை எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்து அனுப்புங்கள்.